ஒரே பெயரில் இரண்டு பிடித்தம்: ஜாவா இன்டர்ஃபேஸோடு ஆறு வருடம்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்குப் பச்சை இலை கொள்முதல் மென்பொருளை ஜாவா என்ற நிரல் மொழியில் எழுதி, ஆறு வருடமாக நானேதான் பார்த்துக்கொள்கிறேன். அதில் என்னை அதிகம் படுத்தியது ஒரே ஒரு சொல்: பிடித்தம்.

எடை போடும் இடத்தில் பிடித்தம் என்றால் சாக்கும் மழை ஈரமும், கிலோவில் வரும். கணக்கு அறையில் அதுவே முன்பணம், உரக் கடன், ரூபாயில் வரும். எடைக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று என்று இரண்டு இன்டர்ஃபேஸ் எழுதினேன். ஒரு கிளாஸ் (நிரலின் ஒரு அலகு) எந்தெந்த மெத்தட்டுகளை, அதாவது செயல்களை, தர வேண்டும் என்ற ஒப்பந்தம்தான் இன்டர்ஃபேஸ். இரண்டிலும் பிடித்தம்() என்று டிஃபால்ட் மெத்தட் வைத்தேன்; கிளாஸ் தானே எழுதாவிட்டால் ஓடும் தயார் மெத்தட் அது. 2014-இல் வந்த ஜாவா 8 தந்த வசதி. இரண்டையும் ஏற்ற இலை ரசீது கிளாஸை, எந்தப் பிடித்தம்() என்று தெரியாமல், கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கருவி) விடவே இல்லை. சரி, அங்கே ஓவர்ரைடு செய்து, அதாவது அந்த மெத்தட்டை கிளாஸிலேயே மறுபடி எழுதி, உள்ளே பணம்.சூப்பர்.பிடித்தம்() என்று எதைக் கூப்பிடுவது எனச் சொல்லிவிட்டேன். ஐந்து நிமிட வேலை.

குரைக்கிற நாய் கடிக்காது என்பது கம்பைலருக்கும் பொருந்தும். கடித்தது வேறு இடத்தில். பொதுவான ரசீது கிளாஸில் என்றோ ஒரு நாள் சோம்பலில், பூஜ்யம் திருப்பித் தரும் பிடித்தம்() ஒன்றை எழுதிவைத்திருந்தேன். பிறகு இலை ஏஜெண்டுகளுக்கான ரசீதை அதன் வாரிசு கிளாஸாக நீட்டித்து, இரண்டு இன்டர்ஃபேஸையும் சேர்த்தேன். பிழைச் செய்தியே இல்லை! தாய் கிளாஸில் மெத்தட் இருந்தால், இன்டர்ஃபேஸின் டிஃபால்டை ஜாவா எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு வாரம் கழித்துக் கணக்கர் ஃபோனில், “தம்பி, ஏஜெண்டு யாருக்குமே அட்வான்ஸ் பிடிக்கலையே?” என்றார். ஐப்பசி மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்தப் பூஜ்யத்தை அழித்ததும் கம்பைலர் மறுபடி கத்தியது. அப்பாடா என்றிருந்தது. அப்புறம் எடைப்பிடித்தம், பணப்பிடித்தம் என்று பெயரையே பிரித்துவிட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

இன்டர்ஃபேஸ் நம்முடையது இல்லையென்றால் பெயரை மாற்ற வழியில்லை. ஒரே பெயருள்ள இரண்டு மெத்தட்டில் ஒன்று முழு எண்ணையும் மற்றது எழுத்துச் சரத்தையும் திருப்பினால், ஒரே கிளாஸ் இரண்டையும் ஏற்க ஜாவாவில் முடியவே முடியாது. ஒன்றைத் தனிப் பொருளாக உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சி ஷார்ப் என்ற இன்னொரு நிரல் மொழியில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் அதன் பெயரைச் சொல்லித் தனித்தனியே மெத்தட்டை எழுதலாம். பக்கத்து ஃபேக்டரி வேலையை அதில்தான் செய்கிறேன். ஒரே எரிச்சல், அப்படி எழுதிய மெத்தட்டை, கிளாஸ் வகை மாறியின் பெயருக்குப் பின் புள்ளி வைத்துக் கூப்பிட முடியாது. மாறியை இன்டர்ஃபேஸ் வகைக்கு மாற்றித்தான் கூப்பிட வேண்டும்.