காற்றாலைத் திட்டத்தின் சுற்றாடல் அறிக்கை: மக்கள் பார்வைக்கு வைத்த சேவை எப்படி இருந்தது?

வடக்கின் கரையோரத்தில் அமைக்க உத்தேசித்துள்ள காற்றாலை மின்நிலையம் ஒன்றின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, யாழ்ப்பாண நகரிலுள்ள அரச அலுவலகம் ஒன்றில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. நான்கு நாட்கள் அங்கே இருந்து அதை வாசித்து, எழுத்தில் கருத்தும் கொடுத்த பிறகு இதை எழுதுகிறேன். கடைகளையும் உணவகங்களையும் பற்றி எழுதுகிற நாம் இதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். இதுவும் நமது வரிப்பணத்தில் நமக்காக நடத்தப்படும் ஒரு சேவைதான். ஆனால் இப்படியொரு மேசை அங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. திட்டம் இன்னும் பரிசீலனையில் இருப்பதால் அதன் பெயரையும், அலுவலகத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை.

இந்தச் சேவை எவருடைய பெருந்தன்மையாலும் கிடைத்ததல்ல, சட்டத்தால் கிடைத்தது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தமும், அதன்கீழ் 1993இல் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகளுமே இதற்கு அடிப்படை. 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின்நிலையங்களும், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு தேவைக்கு மாற்றும் திட்டங்களும் இந்த மதிப்பீட்டுக்கு உட்பட்டவை. நான் வாசித்த திட்டம் இரண்டு வகையிலும் அகப்படுகிறது, ஏனென்றால் காற்றாலைகளுக்கான காணியில் ஒரு பகுதி வனவளத் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ள பற்றைக்காடு. அறிக்கை வெளியானதும் பொதுமக்கள் கருத்துக் கூறுவதற்கு 30 வேலை நாட்கள் கொடுக்கப்பட வேண்டும்.

பத்திரிகை அறிவித்தலை நான் கண்டது தற்செயலாகத்தான். உட்பக்கத்தில், கேள்விப்பத்திர விளம்பரங்களுக்கு நடுவில், உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருந்தது. அதைக் கண்டபோதே ஒன்பது வேலை நாட்கள் கழிந்துவிட்டிருந்தன.

அலுவலகத்தில் சாளரத்தோரமாக ஒரு மேசை, ஒரு கதிரை, பெயரும் வந்த நேரமும் எழுதுவதற்கு ஒரு பதிவேடு. பதிவேட்டில் எனக்கு முன்பு மூன்று பெயர்களே இருந்தன. அறிக்கையை வெளியே கொண்டுபோக முடியாது. தேவையான பக்கங்களைப் பணம் கட்டி நிழற்பிரதி எடுக்கலாம். கைபேசியில் படம் எடுக்க முதல் நாள் அனுமதிக்கவில்லை, இரண்டாம் நாள் மேலதிகாரியிடம் கேட்டு அனுமதித்தார்கள். பொறுப்பாக இருந்த இளம் உத்தியோகத்தர் ஒவ்வொரு நாளும் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டே தமது வேலைக்குப் போனார். பணியாளர்களின் நடத்தையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அலுவலக நேரத்தில் மட்டுமே வாசிக்கலாம் என்பது பெருங்குறை. நான் பாடசாலையில் புவியியல் கற்பிப்பவள்; தவணை விடுமுறை வந்தபடியால் போக முடிந்தது. நாட்கூலிக்குப் போகிறவரும், விடிய வலை இழுத்துவிட்டு வருகிறவரும் நான்கு நாட்களை இதற்கென்று எங்கிருந்து எடுப்பார்கள்? ஒரு பிரதியை யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் வைத்திருந்தாலே பாதிச் சிரமம் தீர்ந்திருக்கும்.

அறிக்கை இரண்டு தொகுதிகள். முதலாவதில் திட்ட விவரமும் தாக்கங்களும், இரண்டாவதில் பின்னிணைப்புகளும் வரைபடங்களும். கறுப்பு வெள்ளையில் அச்சிட்ட வரைபடங்களில் காட்டையும் வயலையும் வேறுபடுத்தவே முடியவில்லை. மூல வரைபடத்தில் நிறத்தால் காட்டப்பட்டவை எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் இணையத்தளத்திலும் இத்தகைய அறிக்கைகள் வெளியாகின்றன. அங்கிருந்து இறக்கிய கோப்பில் நிறங்கள் தெளிவாக இருந்தபடியால், அலுவலகத்தில் தாளையும் வீட்டில் திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்துத்தான் எந்தக் காற்றாலை பற்றைக்காட்டுக்குள் வருகிறது என்று கண்டுபிடித்தேன்.

இனி, தமிழ்ப் பிரதி. இந்தச் சேவையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதி இதுதான்.

இரண்டாம் நாள் ஏழாலையில் தோட்டம் செய்யும் என் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். திட்டம் அமையும் இடத்திலிருந்து அவருடைய ஊர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனாலும் மின்நிலையம் என்றதும் அவர் முதலில் கேட்பது கிணற்றைப் பற்றித்தான். சுன்னாகத்து அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த ஊர்களில், வாளியில் அள்ளிய தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதந்த காலத்தை அவர் அனுபவித்தவர். அந்த மாசு தொடர்பாக 2015இல் தொடுக்கப்பட்ட வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாவை இழப்பீடாகச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததே தவிர, தண்ணீரைப் பற்றி அவருக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

நிலத்தடி நீர் பற்றிய அத்தியாயத்தை அவர் மெதுவாக, விரலால் வரியைத் தொட்டு வாசித்தார். ஓரிடத்தில் நின்று, "பிள்ளை, உந்த அட்டவணை எங்கை கிடக்கு?" என்று கேட்டார். "நிர்மாணத்தின்போது நிலத்தடி நீர் அட்டவணை பாதிக்கப்படாது" என்று அங்கே எழுதியிருந்தது. நானும் அட்டவணையைத் தேடி, அரை மணி நேரம் இரண்டு தொகுதிகளையும் புரட்டினேன். ஆங்கிலப் பிரதியை எடுத்து ஒப்பிட்ட பிறகுதான் விளங்கியது. ஆங்கிலத்தில் water table என்று இருந்தது; நிலத்தடி நீர்மட்டம் என்று வரவேண்டிய அதை, மொழிபெயர்த்தவர் சொல்லுக்குச் சொல் வைத்து நீர் அட்டவணை ஆக்கிவிட்டார். அத்தியாயம் முழுவதும், பதினொரு இடங்களில், இதே சொல்.

இதைச் சிறிய பிழை என்று எவரும் தள்ளிவிடக் கூடாது. ஐம்பது வருடமாகக் கிணற்றில் நீர்மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணால் பார்த்து வருகிற ஒரு விவசாயி, இந்த அறிக்கையில் தமக்கு மிகவும் நெருங்கிய வாக்கியத்தை வாசித்தும் அது தம் கிணற்றைப் பற்றியது என்று அறியாமல் எழுந்து போயிருப்பார். கருத்துக் கூறும் உரிமை அவருக்குச் சட்டத்தில் இருந்தது. எதைப் பற்றிக் கருத்துக் கூறுவது என்பதை மொழிபெயர்ப்பு அவரிடமிருந்து மறைத்துவிட்டது. வேறு இடங்களிலும் இப்படித்தான்: மின்நிலையத்தைக் குறித்த plant என்ற ஆங்கிலச் சொல் இரண்டு இடங்களில் தாவரம் ஆகியிருந்தது, பின்னிணைப்புகள் மொழிபெயர்க்கப்படவே இல்லை. தமிழ் பேசும் மக்கள் வாழும் மாவட்டத்துக்கான அறிக்கையை, அனுப்புவதற்கு முன் அந்த மண்ணில் தண்ணீர் அள்ளிய ஒருவரிடம் கொடுத்து ஒரு தடவை வாசிக்கச் சொல்லியிருக்கலாம்.

சொல்லைத் திருத்தி வாசித்த பிறகும் அந்த அத்தியாயம் எனக்குத் திருப்தி தரவில்லை. எங்கள் பக்கத்துக் கரையோரங்களில் நன்னீர் ஒரு வில்லைபோலக் கடல்நீரின் மேல் மிதக்கிறது என்பதை உயர்தர வகுப்பில் ஒவ்வொரு வருடமும் கற்பிக்கிறேன். நன்னீர் இலேசானது, கடல்நீர் கனமானது; கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு அது கடல்நீரைத் தள்ளி வைத்திருக்கும். மேலே ஓர் அடியை இழந்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் அதே 40 அடிக்கு ஏறி வரும். காற்றாலையின் அத்திவாரத்துக்கு அகழும் குழியில் ஊறும் நீரை இறைக்காமல் கொங்கிறீற்று இட முடியாது. ஆகவே ஒரு குழியில் எத்தனை நாள் இறைப்பார்கள், நாளொன்றுக்கு எவ்வளவு, இறைத்த நீரை எங்கே விடுவார்கள், கோடையிலா மாரிக்குப் பிறகா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள். அறிக்கையில் அத்திவாரத்தின் ஆழம் இருக்கிறது; இறைக்கும் நாட்களோ அளவோ எங்கும் இல்லை. அது தெரியாமல் "பாதிக்கப்படாது" என்று எப்படி எழுதினார்கள்?

வெள்ளம் வடிவது பற்றிய பகுதி இன்னும் மெலிந்தது. மன்னாரில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் ஆற்றலுள்ள தம்பபவனி மின்நிலையம் 2020 முதல் இயங்குகிறது. 2025 ஆகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்துத் தெருவில் இறங்கியபோது, மழைநீர் முன்போல வடிவதில்லை என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன முறைப்பாடுகளில் ஒன்று. காற்றாலைத் தண்டும் இறக்கைகளும் ஏற்றிய பாரவூர்திகள் போவதற்கு அகலமான, உயர்த்திய பாதைகள் வேண்டும். தட்டையான நிலத்தில் உயர்த்திய பாதை ஒவ்வொன்றும் ஓர் அணைதான். இதற்கு இந்த அறிக்கை கொடுத்த இடம் ஒன்றரைப் பக்கம். மதகுகள் அமைக்கப்படும் என்று இருக்கிறது, எத்தனை என்றோ எங்கே என்றோ இல்லை.

இதற்கு மாறாக, பறவைகள் பற்றிய பகுதியை எழுதியவர்கள் களத்தில் நின்றவர்கள் என்பது தெரிகிறது. வடகரை மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையை ஒட்டியிருக்கிறது. ஒக்டோபரில் வரத் தொடங்கும் பறவைகள் ஏப்ரல் வரை எமது களப்புகளில் இரை தேடுகின்றன. கணக்கெடுப்பை வைகாசியில் செய்துவிட்டுப் பறவைகள் குறைவு என்று எழுதுவது எளிது. இவர்கள் நவம்பரிலும் பெப்ரவரியிலும், விடியலிலும் அந்தியிலும் எண்ணியிருக்கிறார்கள். பறந்த உயரத்தையும், இறக்கை சுழலும் உயரத்தோடு ஒப்பிட்டுப் பதிந்திருக்கிறார்கள். பூநாரைக் கூட்டங்கள் இரவில் இடம்பெயர்வதை மட்டும் கவனிக்கவில்லை என்பது என் குறிப்பு. பற்றைக்காட்டின் மரங்களையும் பாலை, வீரை, உடை என்று ஊர்ப்பெயரோடு பட்டியலிட்டிருக்கிறார்கள், தமிழ்ப் பிரதியில் அந்தப் பெயர்கள் பிழையில்லாமல் இருக்கின்றன. நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்ல வேண்டும்.

காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பதற்கு நான் எதிரானவள் அல்லள். டீசல் எரித்து மின்சாரம் எடுத்ததன் விலையை எங்கள் கிணறுகள் கொடுத்தன. அதனால்தான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று கேட்கிறேன்.

கருத்துக் கொடுப்பது எளிதாகவே இருந்தது. தமிழில் எழுதிய ஆறு பக்கங்களை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேட்டபோது அப்படியொரு வழக்கம் இல்லை என்றார்கள். நான் இரண்டாவது பிரதியை நீட்டியதும் திகதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். போகிறவர்கள் கட்டாயம் இரண்டு பிரதிகள் கொண்டு போங்கள். கருத்துகள் திட்டத்தை முன்வைத்தவருக்கு அனுப்பப்படும், அவர் எழுத்தில் பதிலளிக்க வேண்டும், அதன் பின்பே அனுமதி பற்றிய முடிவு. பகிரங்க விசாரணை நடத்துவது அனுமதி வழங்கும் நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பதால், அதையும் கடிதத்தின் முடிவில் கேட்டிருக்கிறேன்.

ஐந்து புள்ளிகளில் நான் மூன்று கொடுப்பேன். இழந்த இரண்டில் ஒன்று நேரத்துக்கும் வரைபடத்துக்கும், மற்றது முழுவதும் மொழிபெயர்ப்புக்கு.

கடைசி நாள் புறப்படும் முன், மொழிபெயர்ப்புப் பிழைகளைப் பக்க எண்ணோடு ஒரு தாளில் எழுதி அந்த இளம் உத்தியோகத்தரிடம் கொடுத்தேன். அறிக்கையில் எதையும் திருத்தத் தமக்கு அதிகாரமில்லை என்றார். ஆனாலும் தாளை வாங்கி, தமிழ்ப் பிரதியின் அட்டைக்கு உட்புறம் ஊசியால் குத்தி வைத்தார். அடுத்த கிழமை, விட்டுப்போன பக்கம் ஒன்றை நிழற்பிரதி எடுக்க மறுபடி போனேன். தாள் அங்கேயே இருந்தது. அதன் அடியில், வேறொருவருடைய கையெழுத்தில், மேலும் இரண்டு திருத்தங்கள் சேர்ந்திருந்தன.