ஸ்விட்ச்கிராஃப்ட் 12ஏ: பழைய வால்வ் ஆம்ப்பின் மெயின் ஸ்பீக்கர் ஜாக்குக்கு

பழைய ஃபெண்டர் கிட்டார் ஆம்ப்களின் பின்பக்கம் பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கர் ஜாக் இருக்கும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான். உள்ளே மெயின் ஜாக் மட்டும் ஷார்ட்டிங் வகை. பிளக்கை உருவினால் டிப் (பிளக்கின் நுனி தொடும் தகடு) தானாக எர்த்தோடு சேர்ந்துவிடும். அந்த இடத்துக்கு வாங்க வேண்டியது ஸ்விட்ச்கிராஃப்ட் கம்பெனியின் 12ஏ. கூடுதல் ஸ்பீக்கருக்கான எக்ஸ்டென்ஷன் ஜாக்குக்கு ஸ்விட்ச் இல்லாத 11 போதும். இரண்டுக்கும் துளை 3/8 இஞ்ச், ஆகவே சேசிஸில் கை வைக்காமலே மாட்டிவிடலாம்.

ஷார்ட் எதற்கு? வால்வ் ஆம்ப்பை லோடு, அதாவது ஸ்பீக்கர், இல்லாமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (வால்வ் பக்கச் சுருளில்) வோல்டேஜ் எகிறும். வால்வ் சாக்கெட்டில் பொறி பறக்கும், சுருளின் இன்சுலேஷன் போகும். கொஞ்ச நேரம் ஷார்ட்டில் நிற்பது அதைவிட எவ்வளவோ மேல். எக்ஸ்டென்ஷனில் மட்டும் ஸ்பீக்கரைச் செருகினால் சத்தமே வராததும் இதனால்தான். அது பழுதல்ல, மெயின் ஜாக் காலியாக இருந்தால் அப்படித்தான்.

வயரிங்குக்கு முன் கரண்ட் பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்து, மீட்டரில் வோல்டேஜ் இறங்கியதை உறுதி செய்யுங்கள். 400 வோல்ட்டுக்கு மேலும் தேங்கி நிற்கும். டிரான்ஸ்ஃபார்மரின் ஹாட் வயர் (ஃபெண்டரில் பொதுவாகப் பச்சை) டிப் லக்குக்கு (வயரைப் பற்றவைக்கும் காது), கறுப்பு ஸ்லீவுக்கு (எர்த் பக்கம்). ஷன்ட் (ஜாக் காலியானால் டிப்பைத் தொடும் தகடு) லக்கிலிருந்து ஸ்லீவுக்கு ஒரு சின்ன ஜம்பர். ஃபீட்பேக் வயர் (அவுட்புட்டில் கொஞ்சத்தை ஆம்ப்புக்குள் திருப்பி அனுப்புவது) இருந்தால் அது டிப்பில். பச்சையும் கறுப்பும் இடம் மாறினால் ஃபீட்பேக் உள்ள ஆம்ப் ஊளையிடும். வால்வைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

ஸ்விட்ச்சைச் சோதிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஜாக்கை அப்படியே வைத்து மீட்டரைத் தொட்டால், டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி (ஸ்பீக்கர் பக்க) சுருளே 1 ஓமுக்குக் குறைவாகக் காட்டிவிடும். ஷார்ட் ஜாக்கிலா சுருளிலா என்று தெரியாது. பச்சை வயரையும் எக்ஸ்டென்ஷனுக்குப் போகும் வயரையும், ஃபீட்பேக் வயர் இருந்தால் அதையும் பிரித்துவிட்டுப் பாருங்கள். காலியாக இருக்கும்போது டிப்புக்கும் ஸ்லீவுக்கும் இடையே 0 ஓம், மறுமுனை திறந்த கேபிளைச் செருகினால் ஓப்பன் (தொடர்பே இல்லை). செருகியும் 0 காட்டினால் ஷன்ட் தகடு வளைந்து டிப் தகட்டிலேயே ஒட்டி நிற்கிறது, லேசாக நிமிர்த்தினால் போதும். காலியிலும் ஓப்பன் என்றால் அநேகமாகக் கான்டாக்ட் கறுத்திருக்கும். கிளீனர் தெளித்த தடித்த காகிதத்தை இடையில் விட்டு இழுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும்.

குறையும் உண்டு. தகடுகள் திறந்தே இருப்பதால் தூசி படியும். ஸ்லீவ் சேசிஸோடு சேர்வது புஷிங் (ஜாக்கின் மரையுள்ள கழுத்து) வழியாக என்பதால், நட் தளர்ந்தால் ஜாக் சுழன்று வயர் அறும், எர்த்தும் விட்டுவிட்டு வரும். பல் வாஷர் போடுங்கள், நட்டை மட்டும் நம்பாமல் கறுப்பு வயரையும் ஸ்லீவ் லக்கில் பற்றவையுங்கள். பிளாஸ்டிக் உடல் ஜாக்குகள் சால்டரிங் சூட்டில் இளகிக் கான்டாக்ட் நகர்ந்துவிடும். 12ஏ அதைத் தாங்குகிறது.

ஜாக் எவ்வளவு நல்லதானாலும் கேபிள் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். 50 வாட், 8 ஓமில் ஓடுவது சுமார் 2.5 ஆம்பியர், கிட்டார் கேபிளின் மெல்லிய நடுக்கம்பி அதற்கானதல்ல. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு மட்டும் 12ஏ வேண்டாம். அங்கே காலி ஜாக் ஓப்பனாக இருப்பதுதான் பத்திரம், ஷார்ட் ஆனால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.