ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும்: பெங்களூரிலிருந்து யோகப் பயணம், நெய்யாறா, கோகர்ணமா, பாலியா?

அல்சூர் ஏரிக்குச் சற்றுத் தள்ளி, ஒரு மொட்டைமாடியில் வாரம் மூன்று நாள் காலையில் யோகம் பயிலும் எட்டுப் பேர் நாங்கள். இரவுப் பணி முடித்துக் கண் சிவக்க வந்து நிற்கும் மென்பொருள் பொறியாளரும், முழங்கால் வலிக்காகச் சேர்ந்து இப்போது எங்களை விட நன்றாகக் குனிந்து நிமிரும் அறுபத்தைந்து வயது ஓய்வுபெற்ற ஆசிரியையும் இந்த எட்டில் அடக்கம். ஒரு வாரம் எங்கேனும் கடலும் பசுமையும் சூழத் தங்கிப் பயிலலாம் என்ற பேச்சு எழுந்தபோது, டிசம்பர் கூட்டத்திலும் டிசம்பர் விலையிலும் சிக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் உடனே ஒத்துப்போனோம். மார்ச்சில் பிள்ளைகளின் தேர்வு வந்துவிடும். ஆகவே, பயண முகவர்கள் ‘ஷோல்டர் சீசன்’ என்று சொல்லும் இடைப்பருவத்தில், செப்டம்பர் பிற்பாதிக்கும் அக்டோபர் இறுதிக்கும் நடுவே ஒரு வாரத்தைத் தேடத் தொடங்கினோம். இடங்களை ஒப்பிடும் பொறுப்பு என்னிடம் வந்தது.

தேடத் தொடங்கியதும் புலப்பட்ட முதல் செய்தி, இடைப்பருவம் என்பது எல்லா ஊருக்கும் ஒரே காலமன்று என்பதுதான். தென்மேற்குப் பருவமழை ஜூன் 1-ஐ ஒட்டிக் கேரளத்தில் இறங்கி, அக்டோபர் நடுவில் தென்னிந்தியாவை விட்டு விலகுகிறது. அந்த மாதம் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. மழை வடக்கிலிருந்து தெற்காக விலகுவதால், வடக்கே கர்நாடகக் கரையில் இருக்கும் கோகர்ணத்தில் வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் திருவனந்தபுரத்தில் இன்னும் குடை பிடிக்க வேண்டியிருக்கும். திருவனந்தபுரத்திற்கு இரண்டு பருவமழையும் உண்டு. அங்கே இடைவெளி என்று ஒன்று இருப்பதாக விளம்பரங்கள்தாம் சொல்கின்றன, வானம் சொல்வதில்லை.

இன்னொரு நாட்காட்டியை வெளிநாட்டவருக்காக எழுதப்படும் வழிகாட்டிகள் கணக்கில் எடுப்பதே இல்லை. ஐரோப்பியப் பயணிகள் வராத காலம் பெங்களூர்க்காரர்களுக்கு ஆயுத பூஜை விடுமுறைக் காலம். தசரா விடுமுறையில் பள்ளிகள் மூடியிருக்கும். நான்கு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் நகரத்தில் பாதிப் பேர் மேற்குக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். தனியார் பேருந்துக் கட்டணம் அந்த வாரத்தில் எப்படி ஏறும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விஜயதசமி 2024-இல் அக்டோபர் 12, 2025-இல் அக்டோபர் 2 என்று நகர்ந்துகொண்டே இருந்தாலும், அதற்கும் தீபாவளிக்கும் நடுவே ஏறத்தாழ பதினெட்டு, பத்தொன்பது நாட்கள் எப்போதும் இருக்கும். நமக்கு உண்மையான இடைப்பருவம் அந்தப் பதினெட்டு நாட்கள்தாம். ஊரை முதலில் தேர்ந்துவிட்டு வாரத்தைப் பிறகு தேடுவதை விட, இந்த வாரங்களில் எந்த ஊர் பொருந்தும் என்று கேட்பதே சரியான வழி என்று எனக்குப் பட்டது.

கோகர்ணத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்களில் இளையவர்கள் ஐவரின் முதல் விருப்பம் அதுதான். பெங்களூரிலிருந்து கார்வார் செல்லும் பஞ்சகங்கா எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை கோகர்ணா ரோடு நிலையத்தில் இறங்கலாம். மகாபலேஸ்வரர் கோயிலைச் சுற்றிய பழைய ஊர் ஒரு பக்கம். குட்லே, ஓம் கடற்கரைகளை ஒட்டிக் குன்றின் மேல் யோகக் கூடங்களும் குடில்களும் மறுபக்கம். கட்டுப்பாடு குறைவு, காலையில் ஒன்றரை மணி நேர வகுப்பு, மாலையில் விருப்பப்பட்டால் இன்னொன்று, மற்ற நேரம் நம்முடையது. வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையை அதிகம் தொடுவதில்லை என்பதால், அக்டோபர் இரண்டாம் பாதியில் திறந்த கூடத்தில் கடலைப் பார்த்துச் சூரிய நமஸ்காரம் செய்யும் ஆசை பெரும்பாலும் நிறைவேறும்.

ஆனால் இதே ஊரை, விலை இன்னும் குறைவு என்பதற்காகச் செப்டம்பர் தொடக்கத்தில் பதிவு செய்வதை நான் ஏற்கவில்லை. கனமழைக் காலத்தில் சக்லேஷ்பூர், சுப்பிரமண்யா இடையிலான மலைப்பாதையில் மண் சரிந்து ரயில்கள் நிற்பது புதிதன்று. சாலையும் அப்படித்தான்: 2024 ஜூலை 16 அன்று கோகர்ணத்திற்கு அருகே அங்கோலா வட்டத்தின் சிரூரில் தேசிய நெடுஞ்சாலை 66-இன் மீது மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. மழை ஓய்ந்த பிறகும் சில வாரங்களுக்குக் கடலின் இழுப்பு அடங்குவதில்லை. நீந்துவதற்காகச் செல்பவர்கள் நவம்பர் வரை பொறுப்பது நல்லது.

நெய்யாறு அணைக்கரையில் இருக்கும் சிவானந்த யோக வேதாந்த தன்வந்தரி ஆசிரமம் இதற்கு முற்றிலும் எதிரான வகை. திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், நீர்த்தேக்கத்தைப் பார்த்த மலைச்சரிவில், சுவாமி விஷ்ணுதேவானந்தர் 1978-இல் நிறுவியது. அவருடைய குரு சுவாமி சிவானந்தர் நம்மவர்தாம். 1887-இல் திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராக இருந்து, பின்னர் ரிஷிகேசம் சென்றவர். கோரைப்பாய்க்குப் பெயர்போன ஊரில் பிறந்தவரின் வழியில், உலகம் முழுவதும் ரப்பர் விரிப்பை உருட்டிக்கொண்டு மக்கள் வருவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதுண்டு. (ஈரக்காற்றில் அந்த ரப்பர் விரிப்பு ஒரே வாரத்தில் நாற்றமெடுக்கும் என்பதால், மேலே விரிக்கப் பருத்தித் துணியோ சிறு ஜமக்காளமோ எடுத்துச் செல்லுமாறு எங்கள் குழுவிற்குச் சொல்லியிருக்கிறேன்.)

அங்கே நாள் முழுவதும் மணிக்கணக்கில் வகுக்கப்பட்டிருக்கிறது. காலை ஆறு மணிக்குத் தியானமும் பஜனையும் கூடிய சத்சங்கம், எட்டு மணிக்கு ஆசன வகுப்பு, பத்து மணிக்கு முதல் உணவு, பிறகு கர்ம யோகம் என்ற பெயரில் பெருக்குவதோ பரிமாறுவதோ ஏதாவது ஒரு பணி, மாலையில் மீண்டும் ஆசனம், ஆறு மணிக்கு உணவு, எட்டு மணிக்குச் சத்சங்கம். வகுப்பைத் தவிர்ப்பது விரும்பப்படுவதில்லை. சமையலில் வெங்காயம், பூண்டு, முட்டை கிடையாது. எங்கள் பொறியாளர் நண்பர் இந்தப் பட்டியலைக் கேட்டதும் இது விடுமுறையா விடுதிப் பள்ளியா என்று கேட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியை அமைதியாகச் சொன்ன மறுமொழி எனக்குப் பிடித்திருந்தது: “புரட்டாசியில எப்படியும் நாம கவுச்சி தொடறதில்லை. அந்த ஒரு மாசத்துல இதைவிட ஏத்த இடம் எது தம்பி?”

மழைக் கணக்கிலும் இந்த இடத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. கேரளத்தில் துலாவர்ஷம் என்று அழைக்கப்படும் ஐப்பசி மழைக்கு ஒரு குணம் உண்டு. ஆடி மாத மழையைப் போல் நாள் முழுவதும் கொட்டிக்கொண்டிருக்காமல், காலையைப் பெரும்பாலும் தெளிவாக விட்டுவிட்டு, பிற்பகலில் மேகம் திரட்டி, மாலையில் இடியோடு இறங்கும். காலை வகுப்பு வெளிச்சத்தில் நடக்கும். மாலை வகுப்பு கூரையின் கீழ் இடிமுழக்கத்தோடு நடக்கும். கடற்கரையில் காலாற நடக்க வந்தவருக்கு இந்த மழை இடைஞ்சல். வகுப்பிற்காக வந்தவருக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. விளம்பரப் படத்தில் இருக்கும் வெயிலைத் தேடுகிறோமா, பயிற்சியைத் தேடுகிறோமா என்பதைப் பொறுத்தே அக்டோபர் கேரளம் நல்லதாகவோ கெட்டதாகவோ தோன்றும்.

திருவனந்தபுரத்திற்கு வடக்கே கடலோரம் இருக்கும் வர்க்கலையையும் அதைச் சுற்றிய ஆயுர்வேத விடுதிகளையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். செம்பாறைக் குன்றின் கீழே பாபநாசம் கடற்கரை, மேலே வரிசையாக யோகக் கூடங்கள். கன்னியாகுமரி ரயிலில் நேரே வர்க்கலை சிவகிரி நிலையத்தில் இறங்கலாம். எனக்குள்ள தயக்கம் இடத்தைப் பற்றியதன்று, அங்கே விற்கப்படும் தொகுப்பைப் பற்றியது. ஏழு நாளில் பஞ்சகர்மம் என்ற ஆயுர்வேத உடல் சுத்திகரிப்புச் சிகிச்சையும் தினம் இரு வேளைக் கடும் ஆசனப் பயிற்சியும் சேர்த்துத் தருவதாகப் பல இடங்கள் சொல்கின்றன. சிகிச்சைக் காலத்தில் உடலுக்கு ஓய்வு வேண்டும், கடுமையான உடற்பயிற்சியும் வெயிலும் குளிர்நீரும் கூடாது என்பது வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்லும் பத்தியம். எண்ணெய்க் குளியலோடு உடல் தளர்ந்திருக்கும் நாளில் சிரசாசனம் பழகச் சொல்வது இரண்டையும் கெடுக்கும். சிகிச்சை வேண்டுமென்றால் வைத்தியர் நாடி பார்த்து நாட்களைத் தீர்மானிக்கும் நிலையத்திற்குப் போய் இரண்டு, மூன்று வாரம் தங்க வேண்டும். அதற்குக் கேரளத்தார் தேர்ந்தெடுக்கும் மாதமும் கர்க்கடகம், அதாவது நம் ஆடி. பயிற்சி வேண்டுமென்றால் எண்ணெய் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இலங்கையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. கொழும்புக்கு விமானம் ஒன்றரை மணி நேரந்தான், இறங்கியதும் தமிழ்ப் பலகைகள் வரவேற்கும் என்பதெல்லாம் உண்மை. ஆயினும் யோக விடுதிகள் மிகுந்த வெலிகம, மிரிஸ்ஸ முதலிய தென்கரை ஊர்களுக்கு அக்டோபர், நவம்பர் நல்ல மழை மாதங்கள். கொழும்பில் ஆண்டிலேயே அதிகம் பெய்யும் காலங்களில் அதுவும் ஒன்று. கீழைக் கரையின் அறுகம்பே செப்டம்பர் வரை நன்றாக இருக்கும். நம் பதினெட்டு நாட்களுக்குள் தீவின் எந்தக் கரையும் முழு மனதோடு பொருந்தவில்லை. பிப்ரவரி, மார்ச்சில் கிளம்பக்கூடியவர்களுக்குத் தென்கரைதான் என் முதல் பரிந்துரையாக இருந்திருக்கும்.

புதுச்சேரியும் ஆரோவில்லும் காரில் ஆறேழு மணி நேரத்தில் அடையக்கூடியவை. ஆனால் ஐப்பசி பிறந்தால் வங்கக்கடல் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

பாலியை மட்டும் ஆசைக்காகச் சேர்த்தோம் என்று நினைத்தேன். கணக்குப் போட்ட பிறகு அது அவ்வளவு எளிதில் தள்ளக்கூடியதாக இல்லை. அங்கே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஜூலை, ஆகஸ்டில் ஆஸ்திரேலியரும் ஐரோப்பியரும் வந்து நிறைத்துவிட்டுப் போன பின், செப்டம்பரில் மழையும் இல்லாமல் கூட்டமும் இல்லாமல், யோகக் கூடங்களுக்குப் பெயர்போன உபுத் என்ற ஊர் காலியாகிறது. எங்கள் பட்டியலில் அகராதிப் பொருளில் இடைப்பருவம் என்று சொல்லத் தக்க ஒரே இடம் அதுதான். பெங்களூரிலிருந்து 2024 முதல் நேரடி விமானம் இருக்கிறது. விமானக் கட்டணம் போக, ஆளுக்கு 5,00,000 இந்தோனேசிய ருப்பியா விசாவிற்கும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய சுற்றுலா வரியாக 1,50,000 ருப்பியாவும் எடுத்து வைக்க வேண்டும்.

என்னைத் தயங்க வைத்தது பணம் மட்டுமன்று. பாலி நம்மை விட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை ஏழு மணி வகுப்பு என்றால் நம் உடலுக்கு அது அதிகாலை நாலரை. போகும் நாள், வரும் நாள், உடல் பழகும் இரண்டு நாள் எல்லாம் கழித்தால் ஏழு நாள் விடுப்பில் மிஞ்சுவது மூன்று முழு நாள். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காற்றில் வாழ்ந்து பழகிய பெங்களூர் உடம்பிற்கு, எந்தக் கடற்கரையானாலும் முதல் இரண்டு நாள் புழுக்கத்தில் வியர்த்துக் களைத்தே போகும் என்பதையும் இதில் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்து நாளாவது விடுப்பு உள்ளவர்கள் மட்டும், அதுவும் செப்டம்பரில், உபுத்தை எண்ணிப் பார்க்கலாம். அக்டோபர் இறுதிக்குத் தள்ளினால் அதன் சிறப்பே போய்விடும், ஏனெனில் நவம்பரில் அங்கும் மழை தொடங்கிவிடும், மலைப்பாங்கான உபுத்தில் கடற்கரையை விட அதிகமாகவே பெய்யும்.

ஆக, போட்டி நெய்யாறுக்கும் கோகர்ணத்திற்கும் நடுவில் நின்றது. நான்கே நாள் கிடைப்பவருக்கும், கால அட்டவணையைக் கண்டால் ஓடுபவருக்கும், விஜயதசமிக்குப் பிந்தைய வார நாட்களில் கோகர்ணம். முழுதாக ஏழு நாள் ஒதுக்கக்கூடியவருக்கும், வீடு திரும்பிய பிறகும் தானாகச் செய்துகொள்ளும் அளவிற்குப் பயிற்சி படிய வேண்டும் என்பவருக்கும் நெய்யாறு. எங்கள் எட்டுப் பேரில் வாக்கெடுப்பு நடத்தினால் கோகர்ணம்தான் வென்றிருக்கும். நான் வாக்கெடுப்பு நடத்தவில்லை. முழங்கால் வலியுள்ளவருக்குக் குட்லேயிலிருந்து ஓம் கடற்கரைக்கு ஏறி இறங்கும் பாறைப்பாதை ஆகாது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, விஜயதசமி கழிந்து தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் நெய்யாறுக்கு எழுதிப் போட்டேன். பொறியாளர் நண்பர் முதல் மூன்று நாள் மட்டும் வருவதாகவும், அதன்பின் வர்க்கலையில் ஏதாவது வறுத்த மீன் கிடைக்குமா என்று பார்க்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறார். அவருக்கு அப்போது புரட்டாசி முடிந்திருக்கும் என்பதால் ஆசிரியையும் ஒன்றும் சொல்லவில்லை.