படியோரத்துக்கு எந்த நீலம்? ஹைட்ராஞ்சியாவும் அகபாந்தஸும்

குன்னூரில் எங்கள் வீட்டிலிருந்து சாலைக்கு இறங்க பதினெட்டுப் படிகள். அந்தப் படியோரம் என்ன நடுவது என்று எனக்கும் ஊட்டியில் இருக்கும் அக்காவுக்கும் இரண்டு வருஷமாக வழக்கு. அவள் ஹைட்ராஞ்சியா கட்சி, நான் அகபாந்தஸ் கட்சி. இரண்டுமே நீலப் பூச்செடிகள், நட்டுவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். மலைக்கு வந்தேறிகளும்தான்: முன்னது ஜப்பானிலிருந்து, பின்னது தென்னாப்பிரிக்காவிலிருந்து.

அழகில் அக்கா ஜெயித்துவிடுவாள், ஒப்புக்கொள்கிறேன். ஹைட்ராஞ்சியாவின் ஒரு கொத்தே சின்னக் காலிஃபிளவர் அளவு வரும். நாம் இதழ் என்று நினைப்பது உண்மையில் புல்லிதழ்; அதனால் சட்டென்று உதிராமல் வாரக்கணக்கில் நின்று, பச்சையாக வெளிறிச் செடியிலேயே காயும். அகபாந்தஸ் இடுப்புயரத் தண்டு விட்டு, நுனியில் குட்டிக் குழல் பூக்களை ஒவ்வொன்றாகத் திறக்கும். பூ முடிந்தால் மிச்சம் இலைதான். பெரிய புல்லை வளர்க்கிறாயா என்று மாமா கேட்டதில் தப்பில்லை.

நிறத்தில்தான் ஹைட்ராஞ்சியாவின் வித்தை இருக்கிறது. தேயிலைக்குப் பிடித்த நம் அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைப்பதால் பூ நீலமாகிறது. மண்ணின் பி.எச். (அமிலம் கூடக்கூடக் குறையும் எண்) 5.5-க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5-ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பு. இடையில் இருந்தால் இரண்டும் கெட்டான் ஊதா. அம்மா வீட்டுச் செடியில் வெட்டிய கட்டிங்குகளைத்தான் அக்கா நட்டாள். வேலியோரம் வைத்தது நீலமாகப் பூத்தது. புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவரடியில் வைத்தது ரோஸ். “யாரோ செடியை மாத்திட்டாங்கடி” என்று போன் செய்தாள். மாற்றியது சிமெண்ட். அதிலிருந்து கசிந்த சுண்ணாம்பு அமிலத்தைக் குறைத்துவிட்டது. அகபாந்தஸுக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. வாங்கின நிறத்திலேயே கடைசிவரை பூக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பிப்ரவரி, மார்ச்சில் மண் காய்ந்து கிடக்கும்போது ஹைட்ராஞ்சியா மத்தியானமே இலையைத் தொங்கப் போட்டுவிடும். பதினெட்டுப் படி குடம் சுமக்க எனக்கு முழங்கால் இல்லை. அகபாந்தஸின் சதைப்பற்றான வேர் தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொண்டு மழை வரும்வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் வெயில் வேண்டும். மரநிழலில் வைத்தால் இலை மட்டும் செழிக்கும். ஹைட்ராஞ்சியாவுக்குக் காலை வெயிலும் மத்தியான நிழலும் சரி.

உறைபனி குன்னூரில் எங்களுக்குப் பெரிய கவலை இல்லை. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியின் பள்ளங்களில் கதை வேறு. அங்கே தாவரவியல் பூங்காவிலேயே பனிக்காலத்தில் கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டி வந்து செடிகளுக்குக் குடை போடுகிறார்கள். ஹைட்ராஞ்சியாவின் மொட்டு பழைய கிளை நுனியில் உட்கார்ந்திருக்கும். பனி அதைக் கருக்கினால் அந்த வருஷப் பூ போச்சு. அகபாந்தஸின் இலை ஓரம் கருகினாலும், உயிர் மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால் திரும்பத் துளிர்க்கும்.

பனி செய்யாததைக் கத்தி செய்யும். மாமா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஜனவரியில் ஹைட்ராஞ்சியாவையும் தேயிலை மாதிரி முழங்கால் உயரத்துக்குக் கவாத்து அடித்துவிட்டார். புதர் புதராகத் தழைத்தது, ஒரு பூ இல்லை. வெட்டுவதானால் பூ முடிந்த கையோடு, கொத்துக்குக் கீழே இரண்டு கணு விட்டு வெட்ட வேண்டும். அப்போதுதான் அடுத்த பருவத்துக்கான மொட்டு கட்ட அவகாசம் இருக்கும்.

அகபாந்தஸுக்கும் ஒரு நச்சரிப்பு உண்டு. நெருக்கியடித்து நின்றால்தான் நன்றாகப் பூக்கும். ரொம்ப நெருங்கினால், நாலைந்து வருஷத்தில் பூ குறையும். அப்போது கடப்பாரை போட்டுப் பெயர்த்து, பிரித்து நட வேண்டும். பிரித்த வருஷம் கோபித்துக்கொண்டு பூக்காமலும் இருக்கும். விதை போட்டால் பூவைப் பார்க்க மூன்று வருஷம் ஆகலாம். இலை இடுக்கில் நத்தைகள் வேறு.

ஒரு ராத்திரி காட்டுமாடு ஒன்று படியோரமாக இறங்கிப் போனது. சோதனைக்கு நட்டிருந்த இரண்டு ஹைட்ராஞ்சியாக்களும் அடியோடு முறிந்தன. மிதிபட்ட அகபாந்தஸ் ஒரு மாதத்தில் நிமிர்ந்துவிட்டது. அத்தோடு வழக்கு முடிந்தது: படியோரம் முழுக்க அகபாந்தஸ். முறிந்த ஹைட்ராஞ்சியாக்கள் அடியிலிருந்து துளிர்த்தன. அவற்றைச் சமையலறைக்குப் பின்னால், காய் கழுவிய தண்ணீர் போகும் இடத்துக்கு மாற்றினேன். சோப்புத் தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் விடுவதில்லை, நீலம் போய்விடும்.

ஹைட்ராஞ்சியா கட்டிங் வேண்டுமென்றால் ஜூன் மழையில் வாருங்கள், நாலு வெட்டித் தருகிறேன். அகபாந்தஸ் வேண்டுமென்றால் கடப்பாரையோடு வாருங்கள்.