'வானொலி'யில் எத்தனை எழுத்து?

பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்ப்பது பற்றி ஒரு சிறிய தளம் நடத்துகிறேன். கட்டுரைகளுக்குக் கீழே வாசகர்கள் எழுத ஒரு பெட்டி உண்டு. காலையில் திறந்தால் போலிக் கைக்கடிகாரம், கடன், சூதாட்டம் என்று ஸ்பாம் குவிந்து கிடக்கும். மொத்தமாக டிக் அடித்து அழித்துவிடுவேன். அப்படி அழித்ததில் ஒருநாள் இதுவும் போய்விட்டது: "சார், பிளக்கைப் பிடுங்கிட்டா பில்டர் கண்டென்சரை உடனே தொடலாமா?"

தொடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆளைத் தூக்கி அடிக்கும் வோல்டேஜ் தேங்கி நிற்கும். இரண்டு நாள் கழித்துக் குப்பையைத் துழாவியபோதுதான் அந்தக் கேள்வி கண்ணில் பட்டது. பதறிப்போய் பதில் எழுதினேன். நல்லவேளை, அவர் அதுவரை செட்டைத் திறக்கவில்லை. அன்றைக்கே வாசலுக்குத் தாழ்ப்பாள் போட, அதாவது எழுத வருவது மனிதரா தானியங்கி நிரலா என்று சோதிக்கும் 'கேப்ட்சா' ஒன்றை வைக்க முடிவு செய்தேன்.

முதலில் போட்டது படக்கட்டங்களைக் காட்டி 'பேருந்து உள்ளவற்றைத் தொடுங்கள்' என்று கேட்கும் வகை. ஸ்பாம் குறைந்தது உண்மை. ஆனால் பார்வையற்ற வாசகர் ஒருவர் மின்னஞ்சலில் எழுதினார்: "ஐயா, அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று என் போன் வாசித்துச் சொல்லவில்லை. ஒலியாகக் கேட்டால் ஆங்கிலத்தில், இரைச்சலுக்கு நடுவே ஏதோ சொல்கிறது. எழுதாமலே திரும்பிவிட்டேன்." காதால் மட்டுமே ரேடியோவை அறிந்த மனிதரை ரேடியோ தளத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டேன். அன்று இரவே அதைக் கழற்றினேன்.

கோணல்மாணல் எழுத்தைப் படிக்கச் சொல்லும் பழைய வகைக்கும் நான் போகவில்லை. 1997-இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறி கையாண்ட வழி அது. 2014-இல் கூகுளே, மிகக் கடினமான கோணல் எழுத்தையும் தன் நிரல் 99.8 சதவீதம் சரியாகப் படிக்கிறது என்று சொல்லிவிட்டது. இயந்திரம் படித்துவிடுகிறது, கண் மங்கியவர்தான் தடுமாறுகிறார். அப்படிப்பட்ட பூட்டு எதற்கு?

இப்போது இருப்பது நாமே கேள்வியும் விடையும் எழுதிக்கொள்ளும் சின்ன ப்ளகின், அதாவது தளத்தோடு இணைத்துக்கொள்ளும் துணைநிரல். இதே வேலையைச் செய்பவை பல உண்டு. என் முதல் கேள்வி: 'வானொலி என்ற சொல்லில் எத்தனை எழுத்து?' தமிழ் படித்த எவரும் வா, னொ, லி என்று விரல் விட்டு மூன்று என்பார். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் அது ஆறு குறியீடு. இந்தச் சொல்லின் உயிர்மெய் ஒவ்வொன்றும் இரண்டாக உடைந்துதான் கணினிக்குப் போகிறது. கேள்வி வெறும் எழுத்தாக இருப்பதால், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் அதைத் தெளிவாகப் படித்துக் காட்டுகிறது. விடைப் பட்டியலில் 3, ௩, மூன்று, மூணு நான்கையும் சேர்த்தேன். 'மூணு' என்று எழுதுபவரும் மனிதர்தானே.

போட்ட வாரத்திலேயே ஸ்பாம் விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்தது. ஸ்பாம் நிரல்கள் ஆயிரக்கணக்கான தளங்களுக்கு ஒரே படிவத்தை நிரப்பிக்கொண்டு ஓடுபவை. ஒரு சிறிய தளத்தின் கேள்விக்காக நின்று யோசிக்க அவற்றை யாரும் எழுதுவதில்லை. சாட்ஜிபிடி போன்ற இன்றைய மொழி மாதிரிகள் இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிடும், மறுக்கவில்லை. ஆனால் அவற்றைக் கேட்கச் செலவாகும்; ஸ்பாம் அனுப்புபவனுக்கு இதில் ஆதாயமே செலவில்லாமல் அனுப்புவதுதான். 2005-இல் 'நோஃபாலோ' குறி வந்து இத்தகைய இணைப்புகளுக்குத் தேடுபொறி மதிப்பு இல்லை என்றான பிறகும் அவர்கள் நிறுத்தாததற்குக் காரணம் அதுதான். கூலிக்கு ஆள் வைத்துக் கையால் ஒட்டுபவர்களை இந்தக் கேள்வி தடுக்காது. அவர்களை நானே பார்த்து நீக்குகிறேன்.

ப்ளகினில் ஒரு பெரிய குறை. விடை தவறினால் பக்கம் புதிதாகத் திறந்து, வாசகர் எழுதியது முழுவதும் அழிந்துவிடும். அரை மணி நேரம் மொபைலில் தமிழில் தட்டியதை இப்படித் தொலைப்பது கொடுமை. எழுதியதைத் தக்கவைக்கும் தேர்வு அமைப்புகளின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது, அதுவும் அணைக்கப்பட்ட நிலையில். நிறுவியதும் முதல் வேலையாக அதை இயக்குங்கள்.

கூடவே வரும் மறைபெட்டி வசதியும் நல்லதே. மனிதர் கண்ணில் படாத ஒரு கட்டம். நிரல் அதையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கட்டத்துக்கு 'தொலைபேசி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிரௌசர் தானாகவே எண்ணை நிரப்பிவிட, உண்மையான வாசகர் இருவர் வெளியே நின்றார்கள். பெயரை மாற்றி, தானியங்கி நிரப்பலை அணைத்து, திரைவாசிப்பானுக்கும் தெரியாதபடி மறைத்த பிறகு புகார் இல்லை.

கேள்வியை மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். படக்கட்டத்துக்குப் பதில் இந்தக் கேள்வி வந்துவிட்டதை அந்தப் பார்வையற்ற வாசகருக்கு எழுதிச் சொன்னேன். மறுநாளே பெட்டியில் அவருடைய முதல் கேள்வி வந்திருந்தது: வால்யூம் திருகும்போது கரகரவென்று கேட்கிறது, கன்ட்ரோலையே மாற்ற வேண்டுமா, சுத்தம் செய்தால் போதுமா? பெரும்பாலும் சுத்தம் செய்தாலே போதும் என்று எழுதி, எப்படி என்பதைப் படமில்லாமல் வார்த்தையிலேயே விளக்கியிருக்கிறேன்.