லூக்கா சந்தில் மூன்று ஹாட் ஹேட்ச்: கிளியோ 200 கப், டிஎஸ்3 ரேசிங், ஃபியட் 500 அபார்த்

2011 கோடையில் வந்த பிபிசி கார் நிகழ்ச்சி 'டாப் கியர்' 17-ஆவது தொடரில் தொகுப்பாளர்கள் கிளார்க்சன், ஹேமண்ட், மே மூவரும் ஆளுக்கொரு ஹாட் ஹேட்ச் (சிறிய ஹேட்ச்பேக் காரின் வேகமான வடிவம்) எடுத்துக்கொண்டு இத்தாலிக்குப் போனார்கள். ரெனோ கிளியோ கப், சிட்ரோயன் டிஎஸ்3 ரேசிங், ஃபியட் 500 அபார்த். லூக்கா நகரின் குறுகிய சந்துகளில் வழி தெரியாமல் சுற்றி, பிறகு மொனாக்கோ போய்ச் சேர்ந்தார்கள். பார்க்க அருமையான பகுதி. ஆனால் இன்று இந்த மூன்றில் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்க நினைப்பவருக்கு அது பாதிதான் உதவும். சந்தில் தெரிவது வண்டியின் அகலமும் திருப்பும் வட்டமும்தான். முன் சக்கரம் ரோட்டை எப்படிப் பிடிக்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. கிளியோவின் பெருமை முழுக்க அங்கேதான் இருக்கிறது.

முதலில் எண்கள். கிளியோ 200 கப்: 2 லிட்டர், டர்போ கிடையாது, 7,100 ஆர்பிஎம்மில் 200 பிஎஸ் (குதிரைத்திறன்), 5,400-இல் 215 என்எம் (முறுக்குவிசை). எடை 1,204 கிலோ, 6 கியர், 0-100 கி.மீ. 6.9 வினாடி. டிஎஸ்3 ரேசிங்: 1.6 டர்போ, 207 பிஎஸ், 2,000 ஆர்பிஎம்மிலேயே 275 என்எம், 1,240 கிலோ, 6.5 வினாடி. அபார்த்தில் சாதா மாடல் 135 பிஎஸ்தான். மற்ற இரண்டோடு நிறுத்த வேண்டுமானால் அபார்த்தே விற்ற எஸ்ஸெஸ்ஸே என்ற சக்தி கூட்டும் கிட் போட்டதை எடுக்க வேண்டும்: 1.4 டர்போ, 160 பிஎஸ், 230 என்எம், 1,035 கிலோ, 5 கியர், 7.4 வினாடி.

தாளில் டிஎஸ்3 ஜெயிக்கிறது. ரோட்டில் அப்படியில்லை. கிளியோவில் 5,000 ஆர்பிஎம்முக்குக் கீழே அவசரமாக ஓவர்டேக் செய்ய நினைத்தால் ஏமாற்றம்தான். இரண்டு கியர் இறக்கியே ஆக வேண்டும். அதற்காகவே முந்தைய கிளியோ 197 மாடலை விட முதல் மூன்று கியர்களையும் ரெனோ குட்டையாக்கியது. முன் சஸ்பென்ஷனில் ஸ்டியரிங் திரும்பும் அச்சு ஸ்ட்ரட்டிலிருந்து (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதனால் வளைவின் நடுவில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்காது. முன் பிரேக் 312 மி.மீ. டிஸ்க், நான்கு பிஸ்டன் பிரெம்போ காலிப்பர். மலைப்பாதையில் விடாமல் ஓட்டினாலும் பெடல் தளராது. புதிதாக விற்றபோது விலை ஏறக்குறைய அரை மடங்கு அதிகமாக இருந்த டிஎஸ்3-ஐ வளைவில் இது முந்திவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் கிளியோ வாங்குகிறவர் ஒரு வேலைக்குப் பணம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்: பிஸ்டனையும் வால்வுகளையும் ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் பெல்ட். ஐந்து வருடம் அல்லது சுமார் 1,15,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதற்குள் மாற்ற வேண்டும். குறைவாக ஓடிய வண்டி என்று பெருமையாக விற்பார்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்ஜின் போய்விடும். இந்த எஞ்ஜினில் கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) புல்லிகளுக்கு நகராமல் பூட்டும் ஆப்பு கிடையாது, போல்ட்டின் இறுக்கத்தில்தான் நிற்கின்றன. பெயின்ட்டால் குறி வைத்துக்கொண்டு பழைய முறையில் மாற்றினால் டைமிங் நகர்ந்துவிடும். பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலையில் (டிடிசி) கிராங்கை முள் போட்டு நிறுத்தி, கேம்களின் பின்முனையில் பூட்டுக் கம்பி வைத்துத்தான் செய்ய வேண்டும். அந்தக் கருவி இல்லாத ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள். கூடவே இன்லெட் கேமில் இருக்கும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் டீஃபேசர் புல்லியையும் மாற்றிவிட வேண்டும். குளிர்ந்த எஞ்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு வினாடி டீசல் வண்டி போலக் கடகடத்தால் அது தேய்ந்துவிட்டது. வெளியே ஓடும் ஆக்சிலரி பெல்ட்டையும் விடக் கூடாது. அது பிரிந்து நூல் உள்ளே போனால் டைமிங் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும். கியர்பாக்ஸில் இரண்டாம், மூன்றாம் கியர் மாற்றும்போது உரசல் சத்தம் வந்தால் கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது; விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

டிஎஸ்3 ரேசிங்கின் கவர்ச்சி வேறு. சாதா டிஎஸ்3-ஐ 15 மி.மீ. இறக்கி, இடது வலது சக்கர இடைவெளியை 30 மி.மீ. அகலமாக்கி, 18 அங்குல சக்கரமும் கார்பன் ஃபைபர் பாகங்களும் பூட்டிய வண்டி. அதே 2011-இல் செபாஸ்டியன் லோப் டிஎஸ்3 டபிள்யூஆர்சி ராலி வண்டியில் உலக ராலிப் பட்டம் வென்றார். அந்தப் புகழின் வெளிச்சம் இதன் மேலும் விழுந்தது. பிரிட்டனில் புதிதாக விற்றபோது விலை 23,100 பவுண்டு. அதில் பெரும்பங்கு உடம்புக்குப் போனது. சக்கர வளைவின் கார்பன் விளிம்பு உடைந்தால் சாதா டிஎஸ்3-இன் பாகம் பொருந்தாது. வாங்கும் முன் நான்கு வளைவையும் முன் பம்பருக்குக் கீழே நீட்டியிருக்கும் ஸ்ப்ளிட்டரின் அடிப்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள்.

எஞ்ஜின், சிட்ரோயனின் தாய் நிறுவனமாக இருந்த பிஎஸ்ஏவும் பிஎம்டபிள்யூவும் சேர்ந்து செய்த 1.6 டிஎச்பி டர்போ, மினி கூப்பர் எஸ்-இன் உறவுக்காரன். இதில் பெல்ட் இல்லை, செயின். அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து செயின் நீண்டு குளிர் ஸ்டார்ட்டில் சலசலக்கும்; எண்ணெய் குறைந்தால் இன்னும் வேகமாகத் தேயும். ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பார்ப்பது இங்கே கட்டாயம். நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போகும், இன்டேக் வால்வைக் கழுவாது. வால்வின் முதுகில் கரி படிந்து ஐட்லிங் தடுமாறும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வதுதான் சரியான வழி; டாங்கில் ஊற்றும் க்ளீனரால் அங்கே எட்ட முடியாது. ஸ்டார்ட் ஆக நேரமாகி, முடுக்கும்போது திக்கினால் உயர் அழுத்த ஃப்யூயல் பம்ப்பைப் பாருங்கள்.

அபார்த் 3.66 மீட்டர் நீளமும் 1.63 மீட்டர் அகலமும்தான். லூக்கா இதற்காகவே கட்டப்பட்டது என்று தோன்றும், யூ-டர்ன் எடுக்கும் வரை. அகலமான டயருக்காக ஸ்டியரிங் வெட்டு குறைக்கப்பட்டிருப்பதால் திருப்பும் வட்டம் இவ்வளவு சிறிய வண்டிக்குப் பெரியது. சீட் உயரம், வீல்பேஸ் (முன் பின் சக்கர இடைவெளி) வெறும் 2.3 மீட்டர், மேடுபள்ளத்தில் துள்ளும். எஸ்ஸெஸ்ஸே கிட் மரப்பெட்டியில் வந்து டீலரிடம் பூட்டப்பட்டது. அதில் இசியு (எஞ்ஜினை ஆளும் கணினி) மாற்றம், பிஎம்சி ஏர் ஃபில்டர், ஸ்பிரிங், துளையிட்ட டிஸ்க் எல்லாம் அடக்கம். 17 அங்குல சக்கரமும் பேட்ஜும் மட்டும் ஒட்டிய போலிகளும் சந்தையில் உண்டு. டீலரின் பூட்டுச் சான்று இல்லையென்றால் 135 பிஎஸ் விலையே கொடுங்கள்.

நகருக்குள் மட்டும் ஓட்டுகிறவர் அபார்த் எடுக்கலாம், சத்தமே பாதிச் சந்தோஷம். டிஎஸ்3 ரேசிங் சேர்த்து வைக்கிறவருக்கு. ஓட்டுவதற்காக வாங்குகிறவர் கிளியோ 200 கப் எடுங்கள்: பெல்ட், டீஃபேசர் இரண்டும் மாற்றிய பில் கையில் இருக்கும் வண்டியாக, பில்லில் தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருக்கும்படி.