கைத்துப்பாக்கிக்கு எண்பூட்டுப் பெட்டகம்: குழந்தைகள் உள்ள டர்பன் வீட்டுக்கு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் கதவில் எஸ்ஏபிஎஸ் 953 (தென்னாப்பிரிக்கத் தர அமைப்பின் பெட்டகத் தரம்) முத்திரை இருக்க வேண்டும். தோற்றத்தில் அதே போலிருக்கும் மெல்லிய தகட்டுப் பணப்பெட்டி, 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிச் சட்டப்படி செல்லாது. மலிவான பெட்டிகளில் பூட்டு நாக்கைப் பிடிப்பது ஒரு சிறு மின்காந்தச் சுருள்தான். மேலே ஓங்கித் தட்டினாலே சில திறந்துகொள்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளைகூட அப்படித் திறந்துவிடலாம்.

பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 10 மில்லிமீட்டர் ராவல்போல்ட் (துளைக்குள் விரிந்து இறுகும் போல்ட்) திடச் செங்கல்லிலோ கான்கிரீட்டிலோ நன்றாகப் பிடிக்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பக்கம் உள்ளீடற்ற பிளாக் சுவர் என்றால் அது சுழன்றுகொண்டே இருக்கும், இறுகாது. கான்கிரீட் தரையில் பொருத்துங்கள்.

விரல்ரேகை வகையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஈரக்கையை அது பல நேரம் ஏற்காது. எண்பூட்டிலும் ஒரே நான்கு பொத்தான்கள் தேய்ந்து பளபளத்தால் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். எண்ணை அடிக்கடி மாற்றுங்கள். அவசரச் சாவியை அலமாரிக் கொக்கியில் மாட்டாதீர்கள், மாட்டினால் எண்பூட்டு இருந்தும் பயனில்லை!

துப்பாக்கியை உள்ளே வைக்குமுன் முதலில் மேகசினை (தோட்டாக் கூட்டை) கழற்றுங்கள், பிறகே ஸ்லைடை (பின்னால் நகரும் மேல்பகுதியை) இழுங்கள். வரிசை மாறினால் அடுத்த தோட்டா துப்பாக்கியின் சுடும் அறைக்குள் ஏறிவிடும். அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டுப்பெட்டி. கடற்கரை ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள்.